யாரும் புகார் செய்யாத பிழை

மோட்டார் கெட்டால் ஓடாது. பம்பு கெட்டால் தண்ணீர் வராது. பரிசோதனை இயந்திரத்துக்கு அந்த நேர்மை கிடையாது. அழுக்கேறினாலும் அது ஓடும். முள் நகரும், எண் வரும், அந்த எண் ரிப்போர்ட்டில் ஏறி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு வெளியே போய்விடும். கான்கிரீட்டையும் இரும்பையும் சோதிக்கும் கூடங்களில் வேலை பார்த்த காலம் முழுக்க என்னை உறுத்திக்கொண்டிருந்தது இதுதான்.

கான்கிரீட்டை வார்த்தெடுத்த கியூபை உடைக்கும் இயந்திரத்தையே எடுத்துக்கொள்ளலாம். 150 மி.மீ. கியூபின் ஒரு முகம் 22,500 சதுர மி.மீ. சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் தாங்கும் கான்கிரீட் என்றால், 675 கிலோநியூட்டன், ஏறத்தாழ 69 டன் பாரத்தில் உடைய வேண்டும். முந்தைய கியூபிலிருந்து தெறித்த சில்லு ஒன்று கீழ்த்தட்டில் கிடந்தால், பாரம் முகம் முழுக்கப் பரவாமல் அந்தப் புள்ளியில் வந்து குவியும். கியூப் முன்கூட்டியே பிளந்துவிடும். தட்டுகளைத் துடைத்த பிறகே சோதிக்க வேண்டும் என்று இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 516, 1959லேயே சொல்லிவிட்டது. ஆனால் சாயங்காலம் ஒரு வண்டி கியூப் வந்து இறங்கும்போது பிரஷ் எங்கே என்று யாரும் தேடுவதில்லை.

மேல்தட்டைத் தாங்கும் பந்துக்கிண்ணம் இன்னும் நுட்பமானது. கியூபின் முகம் சற்றே சாய்ந்திருந்தால் தட்டு அதற்கேற்பத் திரும்பி உட்கார வேண்டும். உட்கார்ந்து பாரம் ஏறத் தொடங்கிவிட்டால் பிறகு அசையக் கூடாது. சாதாரண மோட்டார் ஆயில் மெல்லிசாகப் பூசியிருந்தால் இரண்டும் நடக்கும். பாரம் ஏறியதும் எண்ணெய் பிதுங்கி, உலோகம் உலோகத்தைக் கவ்விக்கொள்ளும். கிரீஸ் போட்டால் பாரத்திலும் வழுக்கிக்கொண்டே இருக்கும், கியூப் ஒருச்சாய்த்து உடையும். கிண்ணம் நிறையக் கிரீஸ் அப்பியிருப்பதைப் பல கூடங்களில் பார்த்திருக்கிறேன். அப்பியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அக்கறையோடுதான் செய்திருக்கிறார், எந்த இடத்துக்கு எது என்று அவருக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

கடினத்தன்மை பார்க்கும் ராக்வெல் இயந்திரத்தில் கணக்கு இன்னும் கறாரானது. ‘சி’ அளவுகோலில் ஒரு புள்ளி என்றால் ஆழத்தில் 0.002 மி.மீ. மாதிரியின் அடியில் அரத்தூள் சிக்கி, பாரத்தில் நூறில் ஒரு மில்லிமீட்டர் அமுங்கினால் போதும், ஐந்து புள்ளி போய்விடும். 55 காட்ட வேண்டிய உருக்கு 50 காட்டும். மாதிரியில் அழுந்தும் வைரக் கூம்பை மாற்றிய பிறகு முதல் ஓரிரு ரீடிங்கைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் இந்த நுண்ணளவுக்குப் பயந்துதான். கூம்பு அதன் இருக்கையில் சரியாகப் படிய வேண்டும்.

சில்லு, கிரீஸ், தூள் எல்லாம் விளைவைக் குறைத்துக் காட்டுபவை. குறைத்துக் காட்டினால் கேட்க ஆள் வந்துவிடும். “இவ்வளவு கம்மியா எப்படிங்க வரும்?” என்று கான்ட்ராக்டர் நிற்பார். மறுபடி சோதிப்பார்கள், தட்டைத் துடைப்பார்கள், உண்மை வெளியே வந்துவிடும். நான் அஞ்சுவது எதிர்ப்பக்கத்துப் பிழைக்கு.

எண்ணெயின் அழுத்தத்தை வைத்துப் பாரத்தைக் காட்டும் இயந்திரங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. எண்ணெய் அழுக்காகி, அது தள்ளும் தண்டான ராமிலும் சிலிண்டரிலும் கீறல் விழுந்து இறுகிப்போனால், அழுத்தத்தில் ஒரு பகுதி உராய்வை வெல்லவே செலவாகும். கேஜ் அதையும் சேர்த்தே காட்டும். கியூபின் மேல் ஏறாத பாரம் கியூபின் கணக்கில் ஏறிவிடும். ஊசலால் அடித்து உருக்கை முறித்துப் பார்க்கும் சார்பி இயந்திரத்திலும் இதே கதை. ஊசலின் பேரிங்கில் உராய்வு கூடினால், அங்கே தொலைந்த ஆற்றலை உருக்கு உறிஞ்சிக்கொண்டதாக முள் காட்டும். பட்டென்று முறியக்கூடிய உருக்கு உறுதியானதாகப் பெயர் வாங்கிக்கொண்டு போகும். தினமும் காலையில் மாதிரி வைக்காமல் ஊசலை ஒருமுறை வீசவிட்டு, முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்ப்பது இதைப் பிடிக்கத்தான். அரை நிமிட வேலை.

இந்தப் பிழைக்காக யாரும் சண்டைக்கு வருவதில்லை. கான்ட்ராக்டருக்குச் சந்தோஷம், சைட் இன்ஜினியருக்கு நிம்மதி. அந்தக் கட்டடத்தில் குடியேறப் போகிறவருக்கு இப்படி ஒரு இயந்திரம் இருப்பதே தெரியாது.

வருஷா வருஷம் காலிப்ரேஷன் நடக்கிறதே என்பார்கள். நடக்கிறது. முதல் வகுப்பு இயந்திரம் என்றால் பிழை ஒரு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் காலிப்ரேஷன்காரர் வருகிறார் என்றதும் பல இடங்களில் எண்ணெயை மாற்றுகிறார்கள், தட்டைத் தேய்க்கிறார்கள், இழுவை இயந்திரத்தின் தாடைப் பற்களில் அடைத்திருக்கும் இரும்புச் செதிலைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி எடுக்கிறார்கள். அவர் அளந்துவிட்டுப் போவது சுத்தமான இயந்திரத்தை. மீதி நாட்களில் கியூப் உடைப்பது வேறொரு இயந்திரம். ஆயுத பூஜைக்கும் இப்படித்தான் ஒரு துப்புரவு நடக்கும். இயந்திரத்தின் சட்டத்தில் சந்தனம் வைக்கட்டும், நானும் வைத்திருக்கிறேன். தட்டின் முகத்தில் மட்டும் ஒரு பொட்டும் கூடாது.

வால்வைத் திறந்து மூடும் அட்டெண்டரின் கைக்கு எந்தக் கருவிக்கும் முன்னால் விஷயம் தெரிந்துவிடும். “ராம் இறங்கறப்ப திக்குதுங்க சார்” என்று அவர் சொல்லும்போது, “அப்புறம் பாக்கலாம்ப்பா” என்ற பதிலைத்தான் பெரும்பாலும் கேட்டிருக்கிறேன். கூடத்து நோட்டில் அவர் எழுத ஒரு பத்தி வேண்டும், தமிழிலேயே எழுதட்டும். திக்குகிறது என்று அவர் எழுதினால் இயந்திரத்தை நிறுத்தும் உரிமையும் அவருக்கு வேண்டும். எண்ணெயை வடித்துப் பார்த்த பிறகே அடுத்த கியூப்.