நின்று கேட்டுவிட்டுப் போங்கள்

பழைய கார் வைத்திருக்கும் இருவர் கொழும்பின் வெள்ளவத்தையில் சந்தித்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வந்துதான் நிற்கும். எந்தக் கடையில் ஒஸ்ரின் ஏ40க்கு வோட்டர் பம்ப் கிடக்கிறது, எந்த மெக்கானிக் பாஸ் காபரேட்டரைக் கழற்றினால் திருப்பிப் பூட்டும்வரை இருந்த இடத்தை விட்டு எழும்பமாட்டார், எந்தக் கராஜின் பின்பக்கத்தில் மொரிஸ் மைனரின் நல்ல கதவு ஒன்று சும்மா கிடக்கிறது என்றெல்லாம் அது நீளும். வீட்டிலுள்ளவர்களுக்கு இது வெறும் அலட்டலாகத் தெரியலாம். எழுபதைத் தாண்டிய நான் உறுதியாகச் சொல்வேன்: இந்த நாட்டில் கார்களை ஓடவைத்ததில் பாதிப் பங்கு பெற்றோலுக்கு, மற்றப் பாதி இந்தப் பேச்சுக்கு.

இது விளங்க வேண்டுமானால் 1970க்குப் போகவேண்டும். அந்த ஆண்டு பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு, அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. 1977இல் ஆட்சி மாறிச் சந்தை திறக்கும்வரை புதிய கார் ஒன்றைக் காண்பதே அரிது. இருந்த கார்களுக்கு உதிரிப்பாகம் கிடைப்பது அதைவிட அரிது. ஒரு சாமான் உடைந்தால் உடைந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பக்கத்து லேத் பட்டறைகளுக்குப் போவார்கள். அங்கே பித்தளையில் புஷ் கடைந்து கொடுத்தார்கள். ஒரு காரின் பாகத்தை வேறொரு காருக்குப் பொருந்தும்படி அராவிக் கொடுத்தார்கள். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், மலாயர் எல்லோரும் அந்தப் பட்டறைகளில் ஒன்றாக நின்றார்கள். எது எதற்குப் பொருந்தும் என்பதை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. கேட்டவனுக்குத் தெரிந்தவன் சொன்னான். அவன் அடுத்தவனுக்குச் சொன்னான்.

மொரிஸ் மைனரை எடுத்துக்கொள்ளுங்கள். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948இல் லண்டன் கண்காட்சியில் வெளிவந்த கார் அது. உற்பத்தி முடிவதற்குள் 16 இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். கொழும்பில் டாக்சி என்றாலே அதுதான் என்றிருந்த ஒரு காலமும் உண்டு. நல்ல கார்தான், ஆனால் உயிரைக் குடிக்கக்கூடிய ஒரு பலவீனம் அதற்கு இருக்கிறது. முன்சில்லைத் தாங்கும் கீழ்ப்பக்கத்து ட்ரனியனுக்கு 1,000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்கவேண்டும். அடிக்காமல் விட்டால் உள்ளே மரை தேய்ந்து, ஒருநாள் திரும்பும்போதோ குழியில் விழும்போதோ சில்லு அப்படியே மடிந்து உள்ளே போய்விடும். மைனர் வாங்க வருகிற எந்த இளைஞனுக்கும் பழைய சொந்தக்காரர் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். காரை விற்றுக் காசை எண்ணி வாங்கிய பிறகும், கீழே குனிந்து அந்தக் கிறீஸ் நிப்பிளைக் கையால் தொட்டுக் காட்டிவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். விற்பவருக்கு அதனால் ஒரு சதமும் இலாபம் இல்லை. வாங்கியவன் உயிரோடு இருக்கவேண்டும் என்பது மட்டும்தான் அவருடைய எண்ணம்.

இங்கே சேர்ந்த இந்தக் கைத்திறன் கடல் கடந்தும் போயிற்று. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர் என்பவர், ஒரு காரைத் தூக்கி எறியாமல் தலைமுறை தலைமுறையாகத் திருத்தி ஓடலாம் என்று வாதாடியவர். 1990களில் அவர் இலங்கையர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து மைனரின் பாகங்களை இந்த நாட்டிலேயே செய்வித்து இங்கிலாந்துக்கு எடுத்தார். இல்லாமையில் கற்ற தொழிலை, அந்தக் காரைச் செய்த நாடே தேடிவந்தது. நம்முடைய பட்டறைக்காரர்களுக்குக் கிடைத்த இந்த மதிப்பை இங்கே அதிகம் பேர் அறியவில்லை என்பது எனக்கு மனவருத்தம்.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய பாடம் யாழ்ப்பாணத்தில் நடந்தது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை போரினால் அடைபட்டது. பொருளாதாரத் தடையில் பெற்றோல், பற்றரி, உதிரிப்பாகம் எதுவும் ஒழுங்காக வரவில்லை. ஆகவே அந்த ஊர்க் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஏ40, கேம்பிரிட்ஜ், மைனர் போன்ற பழைய கார்களின் எஞ்சினில் அழுத்த விகிதம் குறைவு. அதனால் மண்ணெண்ணெயையும் ஒருவாறு தாங்கும். ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது. ஆகவே சிறு போத்தல் ஒன்றில் கொஞ்சம் பெற்றோலை விட்டு, ரியூப் மூலம் காபரேட்டருக்குக் கொடுத்து ஸ்ராட் செய்வார்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். காரை நிறுத்துவதற்குச் சற்று முன்னர் மறுபடி பெற்றோலுக்கு வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காபரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி அடுத்த முறை ஸ்ராட் வராது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வழியே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். பிளக்குகளில் கரி பிடிக்கும். ஆகவே ஒயிலை அடிக்கடி மாற்றி, பிளக்கைக் கழற்றித் துலக்கவேண்டும்.

இவ்வளவையும் யாழ்ப்பாணத்தாருக்கு எந்தக் கம்பனியும் வந்து கற்றுக்கொடுக்கவில்லை. ஒரு சந்தியில் ஒருவர் கண்டுபிடித்ததை அடுத்த சந்தியில் இன்னொருவர் திருத்தினார். ஒவ்வொருவரும் தான் கண்டுபிடித்த வித்தையை ஒளித்து வைத்துக் காசாக்க நினைத்திருந்தால், பிரசவ வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய எத்தனையோ பெண்களுக்கு வாகனம் கிடைத்திராது. 2002இல் பாதை திறந்தபோது கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் போனவர்கள், அந்த ஏ40கள் இன்னும் கலியாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு ஓடுவதைக் கண்டு வியந்தார்கள். எனக்கு வியப்பைவிட நன்றியே அதிகம் வந்தது.

காரும் வீதியும் என்று எழுதிவிட்டு 1983ஐத் தாண்டிப் போக என்னால் முடியாது. தமிழருக்கு எதிரான வன்முறையில் இறங்கியவர்கள் அந்த ஜூலையில் காலி வீதியில் கார்களை மறித்தார்கள். உள்ளே இருப்பவர் தமிழரா என்று கேட்டார்கள். காருக்குள்ளிருந்த பெற்றோலையே எடுத்து எரித்தார்கள். வெள்ளவத்தையில் வாழ்ந்த எங்கள் தலைமுறைக்கு, நடுவீதியில் கார் நிற்பது என்றால் வயிற்றில் இன்றும் ஒரு கலக்கம் உண்டு. அதே நாட்களில்தான் சிங்கள, முஸ்லிம் அயலவர்கள் தங்கள் கார்களில் தமிழ்க் குடும்பங்களை மறைத்து ஏற்றி, பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி போன்ற இடங்களில் அமைந்த அகதி முகாம்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பிடிபட்டிருந்தால் அவர்களுக்கும் உயிர் மிஞ்சியிராது. வீதியில் ஒருவனுக்காக நிறுத்துவதன் உச்சம் அதுதான். அதற்குப் பிறகு வந்த உதவிகளையெல்லாம் நான் அதை வைத்தே அளக்கிறேன்.

இன்றைய பிள்ளைகளுக்குப் பழைய கார்களில் ஆசை கூடியிருக்கிறது, அதில் எனக்கு மகிழ்ச்சி. சிங்கள ஸ்ரீ எழுத்துள்ள பழைய இலக்கத் தகட்டை மினுக்கி வைத்திருக்கும் தமிழ் இளைஞர்களும் இருக்கிறார்கள். 1957இல் அந்த எழுத்து வந்தபோது தமிழர் அதை எதிர்த்துப் போராடினார்கள், தார் பூசி அழித்தார்கள். அந்த வரலாற்றையும் அறிந்துகொண்டு மினுக்குங்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

மாற்றம் செய்வதைப் பற்றியும் சொல்லவேண்டும். பழைய காரில் கை வைக்கவே கூடாது என்பவன் அல்ல நான். டைனமோவை எடுத்துவிட்டு ஒல்ரனேற்றர் பூட்டுங்கள். முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக் போடுங்கள். சீற் பெல்ற் இல்லாத காருக்குத் தரமான பெல்ற்றைச் சரியான இடத்தில் பூட்டுங்கள். டீசல் மலிவாக இருந்த காலத்தில் கேம்பிரிட்ஜுக்கு ஜப்பான் டீசல் எஞ்சின் வைத்தவர்கள் அநேகர். குடும்பம் பிழைக்கச் செய்தார்கள், குறை சொல்லமாட்டேன். ஆனால் எஞ்சினை மாற்றினால் பதிவுப் புத்தகத்திலும் மாற்றவேண்டும். இல்லாவிட்டால் அடுத்து வாங்குபவன் மோட்டார் வாகனத் திணைக்களத்தில் அலைவான். எதிரே வருபவனின் கண்ணைக் குருடாக்கும் வெள்ளை விளக்கையும், ஆஸ்பத்திரி வாசலில் நோயாளியைத் திடுக்கிடவைக்கும் சைலன்சரையும் நான் அழகென்று ஏற்கமாட்டேன். காரில் செய்யும் மாற்றம் உள்ளே இருப்பவனையும் வெளியே நடப்பவனையும் காக்கவேண்டும். வேறெதையும் கொண்டு அதை நான் மதிப்பிடுவதில்லை.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. மரீன் டிரைவ் பக்கம் காரை நிறுத்துபவர்கள் மேலே மினுக்குவதில் காட்டும் அக்கறையைக் கீழேயும் காட்டவேண்டும். உப்புக்காற்றில் துரு அடியிலிருந்துதான் ஏறும். நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தை ஒழுங்காகக் கழுவினால் பல ஆண்டு கூடக் கிடைக்கும்.

1970களின் பஞ்சம் இனி வராது என்று நினைத்திருந்தோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடையே 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. எரிபொருள் வரிசைகள் காலி வீதியில் இரவு பகலாக நீண்டன. வரிசையிலேயே உயிர் போனவர்களும் உண்டு. ஜூலையில் எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்தபோது ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. அந்த வரிசையில் நின்றவர்களுக்குத் தேநீரும் சோற்றுப் பொதியும் கொண்டுவந்து கொடுத்த வீட்டுக்காரர்களை நான் மறக்கமாட்டேன். தன் பங்கில் மிச்சம் பிடித்த பெற்றோலில் அயல்வீட்டு நோயாளியை டயலிசிசுக்கு ஏற்றிப் போனவர்களும் நம்மிடையே இருந்தார்கள்.

இப்போது வீதியில் ஓடுபவை அக்குவாவும் பிரியஸும் வாகன்ஆரும். தொழில் மாறிவிட்டது, ஆனால் பகிரவேண்டிய விஷயம் அப்படியே இருக்கிறது. அக்குவாவிலும் பிரியஸிலும் ஹைபிரிட் பற்றரிக்குக் காற்றுப் போகும் துவாரம் பின்சீற்றருகே இருக்கிறது. அதில் தூசி அடைத்தால் பற்றரி சூடேறிக் கெட்டுவிடும். சில நிமிடத்தில் துப்புரவாக்கலாம். இதைச் சொல்லாமல் மறைத்துவிட்டு, பல இலட்சம் ரூபாய்க்குப் பற்றரி மாற்றச் சொல்கிற கராஜ்களும் உண்டு. முழுப் பற்றரியையும் எறியாமல், பழுதான தொகுதிகளை மட்டும் மாற்றித் தருகிற நேர்மையான இளைஞர்களும் உண்டு. அப்படி ஒருவரைக் கண்டால் பத்துப் பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் செம்மஞ்சள் நிற வயர்களில் நீங்களாகக் கை வைக்கவேண்டாம். பிரியஸின் பற்றரியில் 200 வோல்ற்றுக்கு மேல் இருக்கிறது, அது ஆளைக் கொல்லும்.

வழியில் நின்ற காருக்கு உதவ ஒரு காலத்தில் சங்கம் இருந்தாலே போதும் என்றிருந்தது. 1904இல் தொடங்கிய ஒட்டோமொபைல் அசோசியேஷன் ஒஃப் சிலோன் இன்றும் காலிமுகத்திடலருகே இயங்குகிறது. காப்புறுதிக் கம்பனிகளும் உதவிக்கு ஆள் அனுப்புகின்றன. இருந்தாலும் ஆள் வந்து சேரும்வரை அந்தக் காருக்குள் ஒரு தாயும் பிள்ளையும் இருட்டில் இருக்கிறார்கள். அந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர் அந்த வழியால் போகும் நீங்கள்தான்.

ஆகவே, பிள்ளைகளே, பொன்னட் திறந்தபடி ஒரு கார் நிற்கக் கண்டால் உங்கள் வாகனத்தை ஓரமாக விட்டு, சிக்னல் விளக்குகளைப் போட்டுவிட்டு, "என்ன உதவி வேணும்?" என்று கேளுங்கள். சிங்களம் தெரிந்தால் சிங்களத்தில் கேளுங்கள். கொதிக்கிற ரேடியேற்றரின் மூடியை யாரும் திறக்கவிடாதீர்கள். பற்றரிக்கு வயர் கொடுக்கும்போது பழைய பிரித்தானியக் காரானால் முதலில் பாருங்கள், அவற்றில் பல காரின் உடம்புக்கு நேர்முனையைக் கொடுத்தவை. வழக்கப்படி கறுப்பு வயரை உடம்பில் மாட்டினால் நெருப்புப் பறக்கும். அதிவேகப் பாதையில் மட்டும் நிறுத்தவேண்டாம், அங்கே நிறுத்துவது உங்கள் உயிருக்கே ஆபத்து. 1969 என்ற இலக்கத்துக்கு அழைத்து இடத்தைச் சொல்லுங்கள். இன்னொரு வேண்டுகோள்: பஞ்சிகாவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வயதான பாஸ்மார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் கை ஓய்வதற்குள் ஒரு கொப்பியோடு போய் அருகில் உட்காருங்கள். கேட்டால் சொல்லித் தருவார்கள்.