அரம் பிடிக்கும் நேரமும் கூலி நேரமே

கோடை மழை இறங்கி, காபி பூத்து முடிந்த கையோடு கீழ்ப் பழனி மலைத் தோட்டங்களில் நிழல் கவாத்து தொடங்கிவிடுகிறது. பெரும்பாறை, மங்களங்கொம்பு, தாண்டிக்குடி என்று எந்தப் பக்கம் போனாலும் அந்த வாரங்களில் மரங்களுக்குள்ளிருந்து மோட்டார் சத்தம் கேட்கும். முன்பு மரத்தில் ஏறி அரிவாளால் கழித்த வேலையில் ஒரு பகுதியை, நீளக் குழாயின் நுனியில் செயின் ரம்பம் பொருத்திய கருவி இப்போது செய்கிறது. கடைக்காரர்கள் அதை 'போல் சா' என்கிறார்கள். வேலையாட்களுக்கு அது வெறும் 'மிஷின்'. அந்த மிஷினோடு தோட்டம் தோட்டமாகப் போய் வேலை செய்யும் ஒரு குழுவைப் பார்க்கத்தான் தாண்டிக்குடிக்கு மேலே போயிருந்தேன்.

காபிக்கு நிழலும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும். நிழலை ஒரேயடியாகக் கழித்துவிட்டால், வெயில் படும் தண்டுகளைத் தேடி வந்து வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு முட்டையிடும். புழு உள்ளே குடைந்துவிட்ட அரபிகா செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. நிழல் அடர்ந்துபோனாலோ ஈரம் தங்கிக் கறுப்பழுகல் வரும், காய்த்துளைப்பானும் பெருகும். எந்தக் கிளை போக வேண்டும், எது நிற்க வேண்டும் என்பதை மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும். மிஷின் வந்த பிறகும் அந்தக் கணக்கு மேஸ்திரியின் தலைக்குள்தான் இருக்கிறது.

நான் பார்த்த குழுவில் ஐந்து பேர். ஐம்பதைத் தாண்டிய மேஸ்திரி, இரண்டு இளைஞர்கள், வெட்டிய கிளையை இழுத்துப் போடும் இரண்டு பெண்கள். மேஸ்திரி இளவயதில் சில்வர் ஓக் மரங்களில் ஏறியவர். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அந்த மரம் நேராக, வேகமாக வளரும். ஆனால் கிளை சட்டென்று ஒடியும். அதை நம்பிக் கால் வைத்து விழுந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். "ஏறுறப்ப பயம் கால்ல இருந்துச்சு சார். இப்ப அது தலைக்கு மேல போயிருச்சு, அம்புட்டுத்தான்" என்றார். மரத்திலிருந்து ஆள் விழும் ஆபத்தை மிஷின் குறைத்திருக்கிறது. ஆள்மேல் கிளை விழும் ஆபத்தையும், குழாய் மின்கம்பியில் படும் ஆபத்தையும் கூடவே கொண்டுவந்திருக்கிறது. அன்று நான் பார்த்ததெல்லாம் இந்த இரண்டையும் தள்ளி நிறுத்த அவர்கள் கடைப்பிடித்த ஒழுங்கைத்தான்.

வேலை எட்டு மணிக்கு என்றார்கள். எட்டு மணிக்கு யாரும் கிளையைத் தொடவில்லை. சாக்கு விரித்து மிஷினைக் கிடத்தி, மூத்த இளைஞர் செயினின் பற்களை ராவத் தொடங்கினார். இந்த வகைச் செயினுக்கு 4 மி.மீ. உருட்டு அரம். பல்லின் உட்புறத்திலிருந்து வெளியே, 30 பாகைச் சாய்வில், ஒரே திசையில் தள்ள வேண்டும். திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். ஒரு பக்கத்துப் பற்களை முடித்துவிட்டு மறுபக்கம். எல்லாப் பல்லும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெட்டு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு வெட்டுப் பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு இருக்கிறது. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. பல் தேயத் தேய அந்த மேட்டையும் தட்டை அரத்தால் இறக்க வேண்டும். இரண்டுக்கும் உயர வித்தியாசம் 0.65 மி.மீ. அளவில் இருக்கலாம். அதற்கு மேல் இறக்கிவிட்டால் செயின் மரத்தை வெடுக்கென்று கவ்வி, மிஷின் உதைக்கும்.

மழுங்கிய செயினின் அடையாளம் மேஸ்திரிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். கூரான செயின் சிராய் சிராயாகத் துப்பும், மழுங்கியதிலிருந்து மாவு கொட்டும். மாவு கொட்டும் மிஷினைப் பிடித்திருப்பவர் தன்னை அறியாமலேயே குழாயை அழுத்தத் தொடங்குவார். 7 கிலோவுக்கு மேல் எடையுள்ள கருவியை அப்படி அழுத்திக்கொண்டிருக்கும்போது கிளை அறுந்துவிட்டால், முழுப் பாரமும் ஒரே கணத்தில் கீழே சாயும், ஆளும் கூடவே முன்னால் இழுபடுவார். அரம் பிடிக்காத காலையின் விலை மதியத்தில் இப்படித் தெரியவரும்.

அடுத்தது செயினின் இறுக்கம். செயின் சுற்றி ஓடும் தகடான 'பாரின்' அடியில் அது தொங்காமல் ஒட்டியிருக்க வேண்டும், கையுறை போட்ட கையால் இழுத்தால் தடையின்றி ஓட வேண்டும். வேலையில் சூடேறினால் செயின் நீளும், அப்போது மறுபடி இறுக்குவார்கள். மாலையில் அதைத் தளர்த்திவிட்டுத்தான் வைக்க வேண்டும். ஆறும்போது சுருங்கும் செயின் தண்டையும் பேரிங்கையும் இழுத்துக் கெடுத்துவிடும். அந்த இளைஞர் பாரின் பள்ளத்தில் அடைத்த தூளைச் சுரண்டினார், எண்ணெய் வரும் ஓட்டையைக் குத்தித் துடைத்தார், பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினார். எப்போதும் ஒரே பக்கம் தேயக் கூடாது என்பதற்காக.

பெட்ரோல் கலப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குத் தனியாக ஆயில் தொட்டி கிடையாது, பெட்ரோலோடு கலந்து போகும் 2டி ஆயில்தான் பிஸ்டனைக் காப்பாற்ற வேண்டும். இவர்கள் மிஷினுக்கு 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு, அதாவது லிட்டருக்கு 20 மி.லி. அளவுக் குப்பி வைத்து ஊற்றினார்கள். கண் அளவில் குறைத்து ஊற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கூட்டி ஊற்றினால் பிளக் கரியடையும். இப்போது பம்ப்பில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். அதனால் கலந்த பெட்ரோலை நாள்கணக்கில் வைப்பதில்லை. சீசன் முடிந்தால் டேங்கைக் காலி செய்து, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டுத்தான் கட்டிவைப்பார்கள்.

செயினுக்கு ஊற்றும் எண்ணெய் வேறு. சில இடங்களில் வண்டியில் வடித்த கழிவு ஆயிலை ஊற்றி மிச்சம் பிடிக்கிறார்கள். அதிலிருக்கும் இரும்புத் துகள் எண்ணெய் பம்ப்பை அடைக்கும். செயின் தெறிக்கும் எண்ணெய் முழுவதும் ஆள் தோலிலும் காபிச் செடியின் வேரடி மண்ணிலும்தான் விழும். பயன்படுத்திய இன்ஜின் ஆயில் தோலில் தொடர்ந்து பட்டால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். இந்தச் சிக்கனத்தை விட்டுவிட வேண்டும் என்று தோட்டக்காரர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கலாம்.

ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலேட்டரை விட்டதும் செயின் நிற்கிறதா என்று பார்த்தார்கள். இன்ஜின் மெதுவாக ஓடும்போது செயினும் சேர்ந்து நகர்ந்தால் அந்த மிஷினை அன்று தோட்டத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. குழாயை நீட்டிப் பூட்டும் நட்டு, நுனியிலுள்ள கியர் பெட்டியின் கிரீஸ், தோள் வாரை ஒரே இழுப்பில் கழற்றிவிடும் கொக்கி ஆகியவற்றையும் பார்த்த பிறகுதான் எழுந்தார்கள்.

காட்டுக்குள் நுழைந்ததும் மேஸ்திரி முதலில் தேடியது மின்கம்பியை. மரத்தைப் பிறகுதான் பார்த்தார். குழாய் அலுமினியமோ கார்பன் இழையோ, இரண்டும் மின்சாரத்தைக் கடத்தும். பச்சைக் கிளையும் கடத்தும். உயர் அழுத்தக் கம்பியைத் தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே பாய்ந்துவிடும். ரப்பர் பூட்ஸை நம்பி நிற்க முடியாது. கம்பியிலிருந்து 15 மீட்டர் தள்ளியே வேலை செய்யச் சொல்கின்றன தயாரிப்பாளர்களின் கையேடுகள். குடகிலும் வயநாட்டிலும் மிளகு பறிக்கும் அலுமினிய ஏணி மின்கம்பியில் பட்டு உயிர்கள் போயிருக்கின்றன. ஏணிக்கு நடந்தது இந்தக் குழாய்க்கும் நடக்கும்.

அந்தத் தோட்டத்தின் ஓரத்தில் ஈ.பி. லைன் ஒன்று ஓடியது. அதையொட்டி நான்கு முள்முருங்கை மரங்கள். இளைஞர் அவற்றின் பக்கம் திரும்பியபோதே மேஸ்திரி தடுத்துவிட்டார். "தம்பி, அது நம்ம வேலை இல்ல. லைன்மேன் நேர்ல வந்து கட் பண்ணி, எர்த் போட்டாத்தான் அந்தப் பக்கம். போன்ல சொன்னா நான் கேக்க மாட்டேன்." பக்கத்து வீட்டு ஜெனரேட்டரிலிருந்தும் செத்த லைனில் கரண்ட் திரும்பி வரலாம், எர்த் போடுவது அதற்காகத்தான் என்று எனக்கு விளக்கினார்.

நிற்கும் இடத்தில் இருக்கிறது அடுத்த பாடம். வெட்டும் கிளைக்கு நேர் கீழே யாரும் நிற்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். சரிவான மலையில், காபிச் செடிகளுக்கிடையே, எட்டாத கிளையை எட்டும் ஆசையில் ஆள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்துவிடுவார், அங்குதான் ஆபத்து. தரையிலிருந்து 60 பாகைக்கு மேல் குழாயை நிமிர்த்தக் கூடாது என்கிறது விதி. 4 மீட்டர் குழாயை 60 பாகையில் பிடித்தால் வெட்டும் இடம் ஆளிலிருந்து 2 மீட்டர் தள்ளியிருக்கும். 75 பாகைக்கு நிமிர்த்தினால் அது 1 மீட்டராகச் சுருங்கிவிடும். அறுந்த கிளை குழாய் வழியாகவே சறுக்கி வரும் என்பதையும் சேர்த்து நினைத்தால், அந்த ஒரு மீட்டரின் அருமை புரியும். இளைஞர் ஒவ்வொரு மரத்தடியிலும் பின்னால் விலகும் வழியில் கிடந்த கட்டையையும் கொடியையும் காலால் ஒதுக்கிவிட்டுத்தான் மிஷினை உயர்த்தினார். ஏணியில் நின்றோ மரத்தில் உட்கார்ந்தோ இந்தக் கருவியை இயக்குவதே இல்லை.

நீளமான கிளையை ஒரே வெட்டில் அவர்கள் சாய்ப்பதில்லை. நுனியிலிருந்து துண்டு துண்டாகக் கழித்து வருகிறார்கள். பாரம் குறையும், கீழேயுள்ள காபிச் செடியின் கிளையும் முறியாது. அடிப்பகுதிக்கு வந்ததும் கீழிருந்து சிறிதாக ஒரு வெட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழு வெட்டு. அடிவெட்டு இல்லாமல் மேலிருந்து மட்டும் அறுத்தால், கிளை தொங்கும்போது பட்டையைத் தண்டு வரை உரித்துக்கொண்டு போகும். எஞ்சிய முண்டைக் கடைசியில் தனியாக எடுக்கிறார்கள். எடுக்கும்போது, கிளை தண்டோடு சேரும் இடத்தில் கழுத்துப்பட்டி போலத் தடித்திருக்கும் பகுதியைத் தொடுவதில்லை. அமெரிக்க வனத்துறையில் மரநோய் ஆய்வாளராக இருந்த அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்து நிறுவிய செய்தி இது: மரம் வெட்டுக்காயத்தை ஆற்றுவதில்லை, உள்ளுக்குள் சுவர் எழுப்பி அழுகலை அடைத்துவிட்டு மேலே புதிதாக வளர்கிறது. அந்தச் சுவர் எழும்பும் இடம் அந்தத் தடிப்பு. அதை வெட்டிவிட்டால் அழுகல் தண்டுக்குள் இறங்கும், அழுகிய மரம் சில ஆண்டுகள் கழித்து இன்னொருவர் தலைமேல் விழும். மேஸ்திரி ஷைகோவைப் படித்தவரில்லை. ஒட்ட வெட்டிய மரங்கள் பொந்து விழுந்ததைப் பார்த்துப் பார்த்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.

மிஷின் ஓடும்போது பக்கத்தில் கத்தினாலும் கேட்காது. இயக்குபவர் தலைக்கவசம், கண்ணாடி, காதடைப்பு மூன்றும் போட்டிருந்தார். அவருக்குக் கிளையின் நுனி மட்டுமே தெரியும், பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாது. அதனால் இரண்டாவது இளைஞருக்கு வேறு வேலை எதுவும் தரவில்லை. 15 மீட்டர் வட்டத்துக்குள் யாரும் வராமல் பார்ப்பதும், கை காட்டி இன்ஜினை நிறுத்தச் செய்வதும்தான் அவர் வேலை. கிளை இழுக்கும் அக்காக்களில் ஒருவர் சொன்னார்: "நல்ல வெறகு விழுந்தா யாராச்சும் முந்தி எடுத்துருவாகளேன்னு கை பரபரக்கும். மிஷின் ஓஞ்சு, அந்தத் தம்பி கை காட்டுனாத்தான் உள்ள போவோம்." கழித்த விறகு அவர்களுக்கு அடுப்பெரிக்கும் பொருள். பகிர்ந்துகொள்வதைக் காலையிலேயே பேசி முடித்துவிட்டால் யாரும் முந்த வேண்டியதில்லை, அந்தக் குழுவில் அப்படித்தான் செய்திருந்தார்கள்.

மிஷினால் எல்லாம் முடிந்துவிடவில்லை. ஆள் உயரத்தையும் சேர்த்து 5 மீட்டர் சொச்சம்தான் எட்டும். முள்முருங்கைக்கும் இளமரங்களுக்கும் அது போதும். ஓங்கி வளர்ந்த சில்வர் ஓக்கின் உச்சிக் கிளைக்கு இன்றும் ஆள்தான் ஏறுகிறார், பெரும்பாலும் இடுப்பில் ஒரு கயிற்றோடு. மிஷின் மிச்சப்படுத்திய பணத்தில் ஒரு பங்கையாவது அவருடைய பாதுகாப்பு வாருக்குச் செலவிட வேண்டும்.

மதியச் சாப்பாட்டின்போது கூலிப் பேச்சு வந்தது. நாள்கூலிக்கு வரும் தோட்டங்களில் இந்த ஒழுங்கு நடக்கிறது. மரத்துக்கு இவ்வளவு என்று பேசும் தோட்டங்களில் நடப்பதில்லை. அங்கே காலை அரை மணி நேரம் அரம் பிடிப்பது கைக்காசு போவதற்குச் சமம். செயின் மழுங்கியிருந்தாலும் ஓட்டுகிறார்கள். காவலுக்கு நிற்கும் ஆளை 'சும்மா நிற்கிறவர்' என்று முதலாளி கழித்துவிடுகிறார். கம்பி ஓர மரத்துக்கு லைன்மேன் வரும்வரை காத்திருக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. விபத்து நடந்தால் 'கவனக்குறைவு' என்று எழுதுவார்கள். அந்தக் கவனத்துக்கு நேரம் கொடுக்காத ஒப்பந்தம் எந்தத் தாளிலும் பதிவாவதில்லை.

இந்தியக் காபித் தோட்டங்களில் மிகப் பெரும்பாலானவை 10 ஹெக்டேருக்குக் குறைந்த சிறு தோட்டங்கள். ஒவ்வொருவரும் மிஷின் வாங்க முடியாது, ஆளோடு வாடகைக்குத்தான் எடுப்பார்கள். அந்த வாடகைப் பேச்சிலேயே சிலவற்றைச் சேர்த்துப் பேசலாம். பராமரிப்பு நேரத்துக்குக் கூலி உண்டு. ஒரு மிஷினுக்கு இரண்டு ஆள். கவசமும் கண்ணாடியும் மிஷினோடு சேர்ந்தே வரும். கம்பி ஓர மரம் மின்வாரிய ஆள் வந்த பிறகே. தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, தடியன்குடிசையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கவாத்துப் பருவத்துக்கு முன் ஒரு நாள் இந்த மேஸ்திரியைப் போன்றவர்களையே அங்கே ஆசிரியராக உட்காரவைத்து, இளைஞர்களுக்கு அரம் பிடிக்கவும் நிற்கவும் கற்றுத் தரலாம். அவர்களுக்கு அன்றைய கூலியையும் கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமலிருக்க எந்தத் தோட்டக்காரரிடமும் நியாயமான காரணம் இருக்க முடியாது.