அரசலாற்றில் கட்டிய படகுகள்

சோழவள நாட்டின் கிழக்கு விளிம்பில், மும்புறமும் தமிழகம் சூழ, நான்காம் புறம் வங்கக்கடல் அலைமோத அமைந்துள்ளது காரைக்கால். 1739-இல் பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1954 நவம்பர் முதல் நாளில் இந்திய ஆட்சிக்கு மாறிய ஊர் அது. தேற்றரவு அன்னையை வணங்கி வேளாங்கண்ணிக்குச் செல்லும் திருப்பயணியர், அரசலாற்றைப் பாலத்தின்மீது ஒரு கணம் நோக்கிவிட்டுக் கடந்துபோகின்றனர். கும்பகோணத்தைத் தழுவி வரும் காவிரியின் அக்கிளை, இங்குதான் கடலோடு கலக்கிறது. முகத்துவாரத்தை நோக்கிச் சற்று நடந்தால், விசைப்படகுகளும் ஃபைபர் படகுகளும் கரையோரம் அணிவகுத்து நிற்பதைக் காணலாம்.

நிற்கின்றன என்றா சொன்னேன்? நிற்கவைக்கப்பட்டிருக்கின்றன என்பதே சரி. படகைக் கட்டுவது மாட்டைக் கட்டுவது போலன்று. ஒரே கயிற்றில் கட்டிய படகு காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்பச் சுழன்று, பக்கத்துப் படகின் விலாவில் மோதும். ஆகவே, அணியம் எனும் முன்புறத்தில் ஒரு கயிறு, பின்புறத்தில் ஒன்று, இவ்விரண்டும் போதா. முன்னிருந்து பின்னோக்கியும், பின்னிருந்து முன்னோக்கியும் சாய்வாக இன்னும் இரண்டு வேண்டும். படகு கரையை ஒட்டி முன்னும் பின்னும் நழுவாமல் காப்பவை இச்சாய்வுக் கயிறுகளே. விறைப்பாகக் கட்டினால், நீர் வற்றும்போது படகு கயிற்றில் தொங்கும். மிகத் தளர்த்தினால் அலைந்து திரியும். நைலான் கயிறு மரவிளிம்பில் உராயுமிடத்தில் பழந்துணியையோ ரப்பர்க் குழாயையோ சுற்ற வேண்டும். புயலிரவில் கயிறு அறுவது பெரும்பாலும் அந்த உராய்விடத்தில்தான். இடையில் தொங்கும் பழைய டயர்களின் பயனைச் சொல்லவேண்டியதில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் ஆறு வேறு முகம் காட்டும். மேற்கிலிருந்து பாயும் வெள்ளம் ஆகாயத்தாமரையை மிதக்கும் தீவுகளாக அடித்துவந்து கயிறுகளின்மேல் குவிக்கும். அப்போது அணியம் நீர்வரும் திசையை எதிர்நோக்கியிருத்தல் நலம். பக்கவாட்டில் தாக்கினால் எக்கயிறும் தாங்காது. நங்கூரம் இடுவோர், ஆழத்தைப்போல் ஐந்து மடங்கேனும் கயிறு விடுவர். கயிறு தாழ்வாகக் கிடைமட்டமாய் இழுத்தால்தான் நங்கூரம் மண்ணைக் கவ்வும். செங்குத்தாக இழுத்தால் பெயர்ந்துவிடும்.

நம் முன்னோர் சின்னப்பர் என்றழைத்த புனித பவுல் பயணம்செய்த கப்பலிலும், மால்டாத் தீவருகே, பாறையில் மோதாதிருக்கப் பின்புறத்திலிருந்து நான்கு நங்கூரங்களை இறக்கினர் என்று திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரம் கூறுகிறது. பின்புறத்திலிருந்து இறக்கியதால் கப்பல் திரும்பாமல், கரையை நோக்கியபடியே விடியும்வரை நின்றது. மாலுமியின் கண்ணோடு எழுதப்பட்ட அதிகாரம் அது!

எனினும் எல்லா அலைக்கும் கயிறு விடையாகாது. 2004 டிசம்பர் 26 காலையில் எழுந்த ஆழிப்பேரலை காரைக்கால் கரையில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று, படகுகளோ நொறுங்கின. கடனில் வாங்கிய படகு போனால், கடன் மட்டும் கரையில் நிற்கும். அதனால்தான் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியதும் இங்குள்ளோர் வலைகளையும் எஞ்சினையும் வீட்டுக்குக் கொண்டுசென்று, கயிறுகளை இரட்டிப்பாக்குகின்றனர். கட்டியபின் படகில் எவரும் தங்கலாகாது என்று வீட்டுப் பெண்கள் பிடிவாதம் செய்வதும் நியாயமே.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிய இடத்திலேயே வெயிலில் காய்கின்றன. வெயில் நைலானின் வலுவை மெல்லமெல்லத் தின்னும். ஆகவே ஜூன் நடுவில் கடலேறுமுன், பழைய கயிற்றை முறுக்குப் பிரித்து உள்நூலைச் சோதிக்க வேண்டும். பொடியாய் உதிர்ந்தால் அக்கயிறு இனிக் கொடிகட்டத்தான் உதவும்.