எதிர்த்திசையில் சுழன்ற விசிறி

2001-இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஃபியட் பேலியோவில் 1.6 என்றொரு வகை உண்டு. 1,596 சிசி எஞ்சின், 100 குதிரைத்திறன். அந்தக் காலத்தில் அவ்வளவு சிறிய உடம்புக்குள் அவ்வளவு வேகம் அபூர்வம். வைத்திருந்தவர்களுக்கு விற்க மனசு வராது. கோவை கணபதியில் லேத் பட்டறை நடத்திய என் கட்சிக்காரரும் அப்படித்தான். 2013-இல் அவர் என்னிடம் வந்தபோது காருக்குப் பத்து வயது தாண்டியிருந்தது. ஆனால் கார் அவர் கையில் இல்லை. நகரத்தின் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் நின்றது. கடைசி பில்லைக் கட்டினால்தான் வெளியே விடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

“எஞ்சின் சூடாகுதுன்னு விட்டனுங்க. போற வாட்டியெல்லாம் ஒரு சாமானை மாத்துனாங்க, பில் போட்டாங்க. சூடு மட்டும் அப்படியேதானுங்க இருக்குது.”

பில்களையும் ஜாப் கார்டுகளையும் தேதி வாரியாக அடுக்கினேன். முதலில் ரேடியேட்டர் ஃபேன் மோட்டார். பிறகு தெர்மோஸ்டாட். பிறகு ரேடியேட்டர், வாட்டர் பம்ப். கடைசியாக ஹெட்டைக் கழற்றி, முகத்தைச் சீவி, புது கேஸ்கெட். எல்லாக் கார்டிலும் ‘கஸ்டமர் கம்ப்ளைன்ட்: ஓவர்ஹீட்’ என்று ஒரு வரி, அதன் கீழே மாற்றிய சாமானின் பெயர், விலை. அந்தச் சாமான் கெட்டுப்போனது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதற்கு ஓர் எழுத்துக்கூட இல்லை.

வழக்கே அதுதான் என்று எனக்குப் பட்டது. பழைய காரைச் சரிசெய்ய முடியாமல் போவது குற்றமல்ல. எந்த மெக்கானிக்கும் அதற்கு உத்தரவாதம் தர முடியாது. ஆனால் சோதித்துப் பார்க்காமல் அடுத்தவர் காசில் ஊகம் செய்வது வேறு. 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(1)(ஜி) பிரிவு, வேலையின் முடிவை மட்டுமல்ல, அது செய்யப்பட்ட விதத்தில் உள்ள போதாமையையும் சேவைக் குறைபாடு என்றது; அன்று நடப்பில் இருந்தது அந்தச் சட்டம்தான். முறையீட்டை அந்த ஒரு சொற்றொடரின் மேல் கட்டினேன்.

எதிர்தரப்பு வழக்கறிஞர் திறமைசாலி. அவருடைய எதிருரையில் மூன்று கற்கள் இருந்தன. கார் பழசு. இது சிக்கலான தொழில்நுட்பக் கேள்வி, உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். மூன்றாவதுதான் கனமானது: முறையீட்டாளர் வேகப் பிரியர், செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குக் காரைக் கொண்டுபோனவர், எஞ்சினை அடித்து ஓட்டிக் கெடுத்தது அவரேதான். இந்தப் பேச்சு நுகர்வோர் மன்றத்தில் எடுபடும் என்று எனக்குத் தெரியும். வேகமான கார் வைத்திருப்பவனைப் பாதிக் குற்றவாளியாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது நியாயமல்ல. அந்த மனிதரைப் போல எண்ணெயும் கூலன்ட்டும் காலத்தில் மாற்றிய கார்க்காரர்கள் குறைவு.

இரண்டாவது கல்லுக்குப் பதில் ஏற்கெனவே இருந்தது. டாக்டர் ஜே.ஜே. மெர்ச்சன்ட் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம், சிக்கலான விஷயம் என்பதற்காக மட்டும் நுகர்வோரை உரிமையியல் நீதிமன்றத்துக்கு விரட்ட வேண்டியதில்லை, நிபுணர் சாட்சியத்தைப் பிரமாண வாக்குமூலமாகப் பெறலாம், தேவைப்பட்டால் ஆணையரை வைத்துக் குறுக்கு விசாரணை நடத்தலாம் என்று சொல்லியிருந்தது.

மூன்றாவது கல்லை உடைத்தது கட்சிக்காரரின் ஒரு நாற்பது பக்க நோட்டு. லேத்தில் அளவெடுத்துப் பழகிய கை அல்லவா, கார் சூடான ஒவ்வொரு முறையும் எழுதி வைத்திருந்தார். ‘ஹைவே, 90, ஏசி போட்டு, முள் பாதி.’ ‘லட்சுமி மில் சிக்னல், நிற்கிறது, முள் மெல்ல ஏறுகிறது.’ ‘அவிநாசி ரோடு, ஊர்ந்து 30, முள் சிவப்பு.’ ‘வால்பாறை மலை, அட்டகட்டிக்கு முன்னால், இரண்டாம் கியர், சிவப்பு, நிறுத்தி மூடியைத் திறக்காமல் ஆறவிட்டேன்.’

அடித்து ஓட்டியதால் கெட்ட எஞ்சின் என்றால் வேகத்தில்தானே சூடாக வேண்டும்? இங்கே வேகமாகப் போனால் ஆறுகிறது, ஊர்ந்தால் கொதிக்கிறது. அதைவிட விசித்திரம், நிற்கும்போது இருப்பதைவிட நகரும்போது மோசம். அந்த நோட்டின் நகலை ஆட்டோமொபைல் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் கொடுத்தேன். கடைசிப் பக்கம் வரை நிதானமாகப் படித்துவிட்டு, “முதல் பில் ஃபேன் மோட்டாருக்குன்னு சொன்னீங்கல்ல?” என்று மட்டும் கேட்டார்.

கார் எதிர்தரப்பின் வசம் இருந்தது. ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவின்படி, வேலை செய்தவர் கூலி வரும்வரை பொருளை வைத்துக்கொள்ளலாம். அந்த உரிமையோடு நான் மல்லுக்கு நிற்கவில்லை. கார் இருக்கும் இடத்திலேயே ஆணையர் பார்வையிட வேண்டும், அதுவரை யாரும் கை வைக்கக் கூடாது என்று மட்டும் இடைக்கால மனு போட்டேன். மன்றம் ஒரு வழக்கறிஞரை ஆணையராக நியமித்து, பேராசிரியரையும் உடன் அனுப்பியது.

ஒர்க்‌ஷாப் முற்றத்தில் எஞ்சின் ஓடியது. பேராசிரியர் முதலில் ரேடியேட்டர் மூடியைச் சோதித்தார். அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் மூடி அது. ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடினால் தண்ணீரின் கொதிநிலை 100-லிருந்து 120 டிகிரி அளவுக்கு உயரும். மூடி நன்றாக இருந்தது. பிறகு நீல நிறத் திரவம் நிரப்பிய கண்ணாடிக் குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து அங்குள்ள காற்றை உறிஞ்சினார். எரிந்த வாயு கேஸ்கெட் வழியாகக் கூலன்ட்டுக்குள் கசிந்தால் நீலம் மஞ்சளாகும். நீலம் நீலமாகவே இருந்தது. “ஹெட்டைக் கழற்றுறதுக்கு முன்னாடி இந்த டெஸ்ட்டைச் செஞ்சீங்களா?” என்று சூப்பர்வைசரிடம் கேட்டார். அவர் முதலாளி இருந்த பக்கம் பார்த்தார்.

முள் பாதியைத் தாண்டியதும் ஃபேன் ஓடத் தொடங்கியது. சத்தம் கேட்டது, காற்றும் வந்தது. பேராசிரியர் ஒரு வெள்ளைத் தாளை முன்பக்கக் கிரில்லில் வைத்தார். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் வெளிக்காற்றை உள்ளே இழுக்க வேண்டும். தாள் கிரில்லோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். தாள் படபடத்து அவர் கையிலிருந்து முன்னால் பறந்தது. ஃபேன் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

புது மோட்டாரின் பிளக் காரின் பிளக்கோடு பொருந்தவில்லை போலிருக்கிறது. ஒயர்களை வெட்டி முறுக்கி, டேப் சுற்றி இணைத்திருந்தார்கள். டேப்பைப் பிரித்தபோது சிவப்பும் கறுப்பும் இடம் மாறி இருந்ததை ஆணையர் படமெடுத்தார். நோட்டில் இருந்த புதிர் அத்தோடு விடுபட்டது. நிற்கும்போது தலைகீழ் ஃபேனும் கொஞ்சம் காற்றை ரேடியேட்டர் வழியாக முன்னால் தள்ளியது. 90-இல் எதிர்க்காற்று அதைத் தோற்கடித்தது. 30-இல் இரண்டும் ஒன்றையொன்று தடுத்ததால் ரேடியேட்டருக்குள் காற்று ஏறக்குறைய நின்றே போனது. ஒயரை மாற்றிக் கொடுத்ததும் தாள் கிரில்லில் ஒட்டிக்கொண்டது. மாலை நெரிசலில் அவிநாசி ரோட்டில் ஓட்டியபோது முள் பாதியைத் தாண்டவில்லை. அதுவும் அறிக்கையில் ஏறியது.

குறுக்கு விசாரணையில் கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டேன். தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டுத் தெர்மாமீட்டரோடு பார்த்தாலே திறக்கிறதா என்று தெரிந்துவிடும்; கேஸ்கெட் எரிந்திருந்தால் தடம் கண்ணுக்கே தெரியும். “பழைய இரும்புக்காரருக்குப் போட்டுட்டோங்க” என்று பதில் வந்தது. கையில் இருந்த சாட்சியத்தை முன்வைக்காதவருக்கு அது பாதகமானது என்றே ஊகிக்கலாம் என்பது அன்று நடப்பில் இருந்த சாட்சியச் சட்டம் 114-ஆம் பிரிவின் (ஜி) எடுத்துக்காட்டு. நுகர்வோர் மன்றத்தை அந்தச் சட்டம் முழுமையாகக் கட்டுப்படுத்தவில்லை. ஆனால் அந்தக் கோட்பாட்டை எடுத்துக்கொள்ள மன்றத்துக்குத் தடையில்லை, எடுத்துக்கொண்டது.

ஃபேன் மோட்டாருக்குப் பிறகு போட்ட பில் தொகை முழுவதையும் திருப்பித் தர வேண்டும், பாக்கி கேட்காமல் காரை ஒப்படைக்க வேண்டும், மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தனித்தனியே தொகை தர வேண்டும் என்று உத்தரவானது. எதிர்தரப்பு மேல்முறையீடு செய்யாமல் பணத்தைக் கட்டிவிட்டது.

ஒரு கோரிக்கை மட்டும் தள்ளுபடியானது. அலுமினிய ஹெட்டைச் சீவச் சீவக் கம்ப்ரெஷன் கூடும்; ஓரளவுக்கு மேல் சீவ இடமிருக்காது. தேவையில்லாமல் சீவியதால் எஞ்சினின் ஆயுள் குறைந்தது என்று இழப்பீடு கேட்டிருந்தோம். எவ்வளவு சீவப்பட்டது என்று நிரூபிக்கவில்லை என மன்றம் மறுத்தது. அந்த அளவை எடுத்து ஜாப் கார்டில் எழுதியிருக்க வேண்டியவர்கள் எதிர்தரப்பினர். அவர்கள் எழுதாமல் விட்டதன் லாபம் அவர்களுக்கே போய்ச் சேர்ந்தது. பழைய கேஸ்கெட்டுக்குப் பொருந்திய 114(ஜி) இந்த அளவுக்கும் பொருந்தும் என்று அன்று வாதாடினேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் வாதாடுவேன்.