ஃபேக்ஸ் பெட்டி

அப்போதெல்லாம் ஃபேக்ஸ் அனுப்ப வேண்டுமென்றால் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குத்தான் நாங்கள் போவோம். பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு. காசைக்கூடப் புரட்டிவிடலாம். பூத்காரர் தாளை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து கையெழுத்துகள் வரை படித்துவிட்டுத்தான் இயந்திரத்தில் விடுவார். "எந்த ஊருப்பா இது? நம்ம ஆளுங்க மேலயா எழுதியிருக்கீங்க?" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே கேட்டார். அன்று சாயங்காலம் நாங்கள் அந்தச் சேரிக்குப் போய்ச் சேர்வதற்குள், புகாரில் யார் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பது ஊர்த்தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சென்னையில் அந்தத் தாளை யாராவது கையில் எடுத்தார்களா என்பது மட்டும் தெரியவில்லை.

வாட்ஸ்அப் காலத்தில் வந்த தம்பி தங்கைகளுக்கு இது விளங்காது என்பதால் சொல்லிவிடுகிறோம். காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 154(3)இன்படி மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் தபாலில் அனுப்பலாம். (இப்போது புதிய சட்டத்தில் அது 173(4).) பதிவுத் தபாலைத்தான் நாங்களும் நம்பினோம். ஆனால் வீடு எரிந்துகொண்டிருக்கும்போது தபால் போய்ச் சேர இரண்டு நாள் ஆகும். ஃபேக்ஸ் அந்த நிமிடமே போகும். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த எண்ணுக்கு, எத்தனை பக்கம் என்று ஒரு சீட்டும் கொடுக்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கடமையை வேண்டுமென்றே செய்யத் தவறும் அரசு ஊழியரைத் தண்டிக்கச் சொல்கிறது. அவருக்கு எப்போது தெரியும் என்று காட்ட வேண்டியது நம் பொறுப்பாகிவிடுகிறது. அந்தச் சீட்டு அதற்குத்தான்.

2009இல் ஒரு நண்பர் தன் அலுவலகத்தில் கழித்துப்போட்ட பென்டியம் 3 கணினி ஒன்றைக் கொடுத்தார். எங்களோடு இருந்த தம்பி ஒருவர் அதில் டெபியன் லினக்ஸ் ஏற்றி, ஹைலாஃபேக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டார். காசு இல்லாமல் கிடைப்பது. கணினிக்குள் இருந்த மோடம் விண்டோஸ் இல்லாமல் அசையாது என்று தெரிந்ததும், சீரியல் போர்ட்டில் மாட்டும் வெளி மோடம் ஒன்றைப் பழைய பொருள் கடையில் தேடிப் பிடித்தோம்.

திட்டம் எளிமையானது. அலுவலகத்தில் இருந்த மூன்று விண்டோஸ் கணினிகளிலும் 'ஃபேக்ஸ்' என்று ஒரு பிரிண்டர் தெரியும். மனுவைத் தட்டச்சு செய்து, அச்சிடு என்று கொடுத்தால் போதும். சாம்பா வழியாகப் பக்கங்கள் பழைய பெட்டிக்குப் போகும். போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டர் என்று நினைத்து விண்டோஸ் அனுப்புவதை, கோஸ்ட்ஸ்கிரிப்ட் கருப்பு வெள்ளைப் படமாக மாற்றும். ஹைலாஃபேக்ஸ் எண்ணைச் சுழற்றும். எதிர்முனையில் லைன் பிஸி என்றால் விடாமல் திரும்பத் திரும்ப முயலும். போனதும் அனுப்பியவருக்கு மின்னஞ்சல் வரும். உள்ளே வரும் ஃபேக்ஸும் தாளில் விழாமல் பி.டி.எஃப். ஆகி, நாங்கள் குறித்துக் கொடுத்த இரண்டு பேரின் மின்னஞ்சலுக்கு மட்டும் போகும். தட்டில் கிடக்கும் தாளை வருகிறவர் போகிறவர் எல்லாம் புரட்டுவது இல்லை. வெயிலில் வெளுத்துப்போகும் தெர்மல் தாளை அவசர அவசரமாக ஜெராக்ஸ் எடுத்து வைக்கும் வேலையும் இல்லை.

எந்த எண்ணுக்கு அனுப்புவது என்று பிரிண்டருக்கு எப்படித் தெரியும்? கடிதத்தின் தலைப்பிலேயே 'ஃபேக்ஸ் எண்' என்று ஒரு வரி எழுத வேண்டும். தம்பி எழுதிய சிறு நிரல் அந்த வரியைத் தேடி எண்ணை எடுத்துக்கொள்ளும். முதல் நாள் ஒன்றுகூடப் போகவில்லை. எண் வரியையும் நாங்கள் தமிழ் எழுத்துருவிலேயே அடித்திருந்தோம். அந்த எழுத்துருவை விண்டோஸ் வெறும் வடிவங்களாகத்தான் பெட்டிக்கு அனுப்பியது. கண்ணுக்கு எண், நிரலுக்குக் கிறுக்கல். அந்த ஒரு வரியை மட்டும் ஆங்கிலத்தில், கூரியர் எழுத்துருவில் போட்டதும் சரியானது. "இங்கயும் இங்கிலீஸ்லதான் சொல்லணுமா?" என்று ஓர் அக்கா சலித்துக்கொண்டார்.

தமிழால் இன்னொரு தலைவலியும் வந்தது. அது எங்கள் கண்ணில் பட ஒரு வாரம் ஆயிற்று. ஃபேக்ஸில் இரண்டு வகைத் தெளிவு உண்டு. சாதாரணம் என்றால் மேலிருந்து கீழாக அங்குலத்துக்கு 98 வரி, ஃபைன் என்றால் 196. பெட்டி சாதாரணத்தில் இருந்தது. ஆங்கிலக் கடிதம் நன்றாகவே போகும். தமிழில் புள்ளி போய்விடும். 'பட்டியல்' என்பதில் ட் எது, ட எது என்று தெரியாது. ஆட்களின் பெயர்களிலும் அப்படித்தான். ஊர்ப் பெயரும் தகப்பன் பெயரும் ஓர் எழுத்து மாறினால் அந்த மனுவை என்ன செய்வார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஃபைனுக்கு மாற்றினோம். பக்கத்துக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது, எஸ்.டி.டி. கட்டணமும் கூடவே ஏறியது. புள்ளிக்குக் காசு கொடுக்கிறோம் என்று கணக்கு எழுதும் தோழர் சொல்வார்.

எங்களிடம் இருந்தது ஒரே தொலைபேசி இணைப்பு. இரண்டு மணி அடித்ததும் மோடம் எடுக்கும்படி வைத்திருந்தோம். ஒரு நாள் காலையில் ஒரு பெரியவர் நேரில் வந்தார். ராத்திரி பதினோரு மணிக்கு மேல், கல்லெறி நடந்துகொண்டிருக்கும்போது, நான்கு தடவை கூப்பிட்டிருக்கிறார். நான்கு தடவையும் காதில் கீச்சென்று சத்தம். "லைன அறுத்துட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார். நாங்கள் தலைகுனிந்து நின்றோம். அன்றே மோடம் தானாக எடுக்காதபடி செய்தோம். ஃபேக்ஸ் அனுப்புகிறவர் முதலில் பேச வேண்டும், பிறகு நாங்கள் மோடத்தை எடுக்கச் சொல்வோம். உள்ளே வருவது குறைந்தது. குறையட்டும் என்று விட்டுவிட்டோம்.

இதற்கெல்லாம் மேல் ஒன்று நடந்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்தோம். சுற்றி வளைத்து இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்.

ஓர் ஊரில் இரண்டு பையன்களை அடித்துப் போட்டிருந்தார்கள். நிலையத்தில் புகாரை வாங்கவில்லை, மனு ரசீதும் தரவில்லை. முதலில் நிலைய ஆய்வாளருக்கே ஒரு கடிதம் ஃபேக்ஸில் அனுப்பினோம். பலன் இல்லை. மூன்றாம் நாள் அந்த நிலையத்தின் மேலேயே புகார் சொல்லி, பார்த்த சாட்சிகள் இருவரின் பெயரையும் முகவரியையும் சேர்த்து, கண்காணிப்பாளருக்கு நான்கு பக்க மனு தயார் செய்தோம். நேரம் இல்லாததால் பழைய கடிதத்தைத் திறந்து, அதன்மேலேயே புதியதை எழுதினோம். கண்காணிப்பாளர் அலுவலக எண்ணைக் கூரியரில் ஒழுங்காகப் போட்டோம். அதற்கு மேலே, சின்ன எழுத்தில், பழைய எண் வரி அப்படியே இருந்தது. நிரல் முதலில் கண்ட எண்ணை எடுத்துக்கொண்டது.

ஐந்தாறு நிமிடத்தில் மின்னஞ்சல் வந்தது. நான்கு பக்கங்களும் பிசகில்லாமல் சேர்ந்துவிட்டன என்றது. கீழே இருந்த எண்ணைப் பார்த்ததும் எங்களுக்குக் கை நடுங்கிவிட்டது. யார்மேல் புகாரோ, அந்த நிலையத்துக்கே சாட்சிகளின் பெயர்களை நாங்களே அனுப்பியிருந்தோம்.

பூத்காரர் நினைவுக்கு வந்தார். அவராவது ஒரு ஆள்.

வண்டியை எடுத்துக்கொண்டு ராத்திரியே போனோம். சாட்சிகளில் ஒருவர் கூலி வேலை செய்யும் அக்கா. எந்திரம், எண் வரி என்று நாங்கள் விளக்க ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "அதெல்லாம் எனக்கெதுக்கு? நாளைக்கு அவன் வருவானா மாட்டானா, அதச் சொல்லுங்க." வருவார்கள் என்றோம். காலையில் விசாரணை என்று இருவருக்கும் ஆள் வந்தது. வழக்கறிஞரை அழைத்துக்கொண்டு நாங்களும் உடன் போய் உட்கார்ந்தோம். அக்கா சொன்னதையே திரும்பச் சொன்னார். இன்னொருவர் தனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் ஏது?

அதன்பிறகு நிரலை மாற்றினோம். அலுவலகங்களின் எண்களை ஒரு பட்டியலாக எழுதி வைத்தோம். பட்டியலில் இல்லாத எண்ணாக இருந்தாலோ, இரண்டு எண் வரிகள் இருந்தாலோ பெட்டி அனுப்பாது. அதுவும் போதாதென்று, தானாகப் போவதையே எடுத்துவிட்டோம். பிரிண்ட் கொடுத்த மனு பெட்டியில் போய் நிற்கும். ஒருவர் அதன் முன்னால் உட்கார்ந்து, எண்ணையும் முதல் பக்கத்தையும் வாய்விட்டுப் படித்து, எழுதாத இன்னொருவர் சரி என்ற பிறகுதான் போக விடுவார். நிரல் எழுதிய தம்பிக்கு இதில் வருத்தம். "அப்புறம் எதுக்குண்ணே சர்வர்? பூத்துலயே அனுப்பியிருக்கலாமே" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் யாரும் மாற்றச் சொல்லவில்லை, அவரும் மாற்றவில்லை.

பிறகு மின்வெட்டு வந்தது. ஒருநாளைக்குப் பல மணி நேரம். பெட்டியின் உள் பேட்டரி செத்துப்போனதால், கரண்ட் வந்து எழும்போதெல்லாம் கடிகாரம் பழைய ஆண்டுக்குப் போய் நிற்கும். ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் தவறான தேதி. நேரத்துக்காகவே அனுப்பும் ஃபேக்ஸில் தேதி தவறு என்றால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குக் கொண்டாட்டம். சில்லறை விலையில் ஒரு காசு பேட்டரி வாங்கிப் போட்டதும் தீர்ந்தது.

சீட்டில் சரி என்று வந்தால் எதிர்முனை இயந்திரம் வாங்கிக்கொண்டது என்று மட்டுமே பொருள். அங்கே தாள் இருந்ததா, எடுத்தவர் மேசைக்குக் கொண்டுபோனாரா என்பது வேறு கதை. அதனால் மறுநாள் காலை பத்தரைக்குத் தபால் பிரிவுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பதிவு எண் கேட்பது எங்கள் வழக்கம். எண் கிடைத்தால் சீட்டின் பின்புறத்தில் எழுதிக்கொள்வோம்.

இப்போது எல்லாம் மின்னஞ்சல். அந்த அக்காவின் வழக்குக்கு மட்டும் அதன்பிறகு எதையும் நாங்கள் பெட்டியில் அனுப்பவில்லை. கையில் கொண்டுபோய்க் கொடுத்து முத்திரை வாங்கினோம். மற்றவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பும்போது, இரண்டு எழுத்து அடித்ததுமே பழைய முகவரி ஒன்று தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. இன்றும் ஒருவர் வாய்விட்டுப் படிக்கிறார், இன்னொருவர் பார்த்துச் சரி என்கிறார். புதிதாக வருகிற பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.