நுனியை வரையுங்கள்

தலையில்லாத திருகாணியை எங்கள் பட்டறைகளில் 'கிறப் ஸ்குறூ' என்போம். கப்பியின் குடத்தில் ஒரு துளை, துளைக்குள் புரி, புரிக்குள் முழுதாக அமிழ்ந்த சிறு ஆணி. வெளியில் தெரிவது ஆறுமூலைக் குழி ஒன்று. பழைய மெசின் என்றால் ஒரு பிளவு. யாழ்ப்பாணத்தில் மானிப்பாய், ஆனைக்கோட்டைப் பக்கத்து மில்லுகளில் பல வேளை அதுவும் தெரியாது. மிளகாய்த்தூளும் அரிசிமாவும் கிறீசும் குழியை அடைத்து, மேலே பெயின்றும் அடித்துவிட்டால், அங்கே ஆணி இருப்பதை மில்காரரே மறந்துவிடுவார்.

"தம்பி, கப்பி அசையுதே இல்லை. அடிச்சும் பாத்தாச்சு" என்று கொண்டுவருவார்கள். அடித்ததில் வார்ப்பிரும்புக் குடம் வெடித்திருக்கும். இழுவை போட்டு இழுத்திருந்தால் ஆணியின் நுனி தண்டை நீளத்துக்கு உழுதிருக்கும். இந்தச் சேதத்துக்கு அடித்தவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அந்த மெசினுக்கு வரைபடமே இருக்காது. இருந்தாலும் அதில் ஆணி சரியாகக் காட்டப்பட்டிருக்காது.

இவ்வளவு ஒளிந்திருக்கும் ஒன்றை ஏன் செய்தார்கள்? தலை நீட்டிக்கொண்டு நின்ற காலத்தில் அது ஆளைக் கொன்றது. தொழிற்சாலைக் கூரைக்குக் கீழே ஓடிய நீண்ட தண்டுகளில் சதுரத் தலை ஆணிகள் சுழன்று, பக்கத்தில் போனவரின் உடுப்பைப் பற்றி இழுத்தன. 1910 அளவில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் வில்லியம் ஆலன் அறுகோணக் குழி வைத்த ஆணியைப் பாதுகாப்பு ஆணி என்றே விற்றார். நாம் கையில் பிடிக்கும் அலன் கீ அவருடைய பெயரைச் சுமக்கிறது. சுழலும் தண்டிலுள்ள இத்தகைய ஆணிகள் அமிழ்ந்தோ மூடப்பட்டோ இருக்கவேண்டும் என்று பிரித்தானியாவின் 1937ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் 26ஆம் பிரிவு அதையே சொன்னது. சாரம் கட்டிக்கொண்டு மில் ஓட்டுகிற, சேலையோடு வந்து பெல்ற்றுக்குப் பக்கத்தில் நின்று மா அரைப்பிக்கிற ஊரில் இந்த விதியின் அருமை நன்றாகவே விளங்கும். ஆகவே ஆணி ஒளிந்தே இருக்கட்டும். அதைக் கண்ணுக்குக் காட்டவேண்டியது வரைபடம்.

பக்கத்தோற்றத்தில் மறைகோடுகளைப் போட்டுவிட்டுப் போவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. எம் 6 ஆணி இருக்கும் சின்ன இடத்தில் குடத்தின் துளை, கீவே, ஆணியின் புரி எல்லாமே மறைகோடாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் வரைந்தவருக்கே பிறகு விளங்காது. அந்த இடத்தில் மட்டும் குடத்தைப் பிய்த்துக் காட்டும் பகுதி வெட்டுமுகம் வேண்டும். வெட்டுப்பட்ட இரும்புக்குச் சாய்கோடு போடுவோம். நீளவாக்கில் வெட்டு போனாலும் ஆணிக்குச் சாய்கோடு கிடையாது. சாய்கோடுகளின் நடுவே வெறுமையாக நிற்பதாலேயே அது உடனே கண்ணில் படும். உள்ளே இருப்பதை அறுத்துக் காட்டிப் படிப்பிப்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1848இல் மானிப்பாய்க்கு வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இங்கே தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1872இல் மனுஷ அங்காதிபாதம் என்ற உடற்கூற்று நூலையும் தமிழில் வெளிக்கொண்டுவந்தார். உடலுக்கு அவர் காட்டிய அக்கறையை இரும்புக்கு நாம் காட்டலாம்.

ஐ.எஸ்.ஓ. 6410 என்ற சர்வதேசத் தரம் சொல்லும் புரி வரையும் முறையில் எனக்கு மிகப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஆணியில் புரியின் உச்சி வெளியே இருக்கும்; அது தடித்த கோடு. அடி உள்ளே, அது மெல்லிய கோடு. துளையில் மறுவளம்: தடித்த கோடு உள்ளே, மெல்லிய கோடு வெளியே. ஆணி இருக்கும் நீளம் முழுக்க ஆணியின் புரிக்கே முதலிடம். சாய்கோடு அதன் தடித்த வெளிக்கோட்டோடு நின்றுவிடும். ஆணிக்கு மேலே துளை வெறுமையாக இருக்கும் பகுதியிலோ சாய்கோடு மெல்லிய கோட்டைக் கடந்து உள்ளே தடித்த கோடு வரை போகும். ஆணி முடியும் மட்டத்தில் தடிப்பும் மெலிவும் இடம் மாறுகின்றன. தலையில்லாத ஆணி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதென்று சொல்ல இந்த மாற்றம் ஒன்றே போதும். கணினியில் வரைகிறவர்கள் அந்த இடத்தைப் பெருப்பித்துப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்; ஆணி துளையின் வாய்வரை நிற்பதுபோல் படம் வந்துவிடுகிறது.

ஆணியை மட்டும் மேலிருந்து பார்க்கும் தோற்றம் சுலபம். தடித்த வட்டம், உள்ளே முக்கால் பங்கு மெல்லிய வட்டம், நடுவில் அறுகோணம். பிளவு வைத்த ஆணி என்றால் பிளவு உண்மையில் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் 45 பாகை சாய்வில் ஒரு தடித்த கோடு.

ஒரே துளையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஆணிகள் போடுவதுண்டு. கீழது தண்டைப் பிடிக்கும். மேலது கீழதை இளகவிடாது. மேல் ஆணியைக் கழற்றியவர் வேலை முடிந்ததென்று நினைத்துக் கப்பியை அடிக்கத் தொடங்குவார். படத்தில் இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு தெளிவாக இருந்தால் இந்த அடி விழாது.

எல்லாவற்றிலும் முக்கியம் நுனி. தட்டை நுனி ஐ.எஸ்.ஓ. 4026, கூம்பு நுனி 4027, முளை நுனி 4028, கிண்ண நுனி 4029. கிண்ணம் தண்டில் வட்டமாகக் கடித்துப் பிடிக்கும். ஒருமுறை இறுக்கினால் அடையாளம் விழுந்துவிடும், அதனால் அடிக்கடி நகர்த்தவேண்டிய இடத்துக்கு அது ஆகாது. கூம்புக்குத் தண்டில் அதன் அளவுக்குக் குழி வேண்டும். முளை நுனி துளையிலோ காடியிலோ இறங்கி உட்காரும். கிண்ணமும் தட்டையும் வரும் இடத்தில் தண்டை அரத்தால் சிறிது தட்டையாக்கிவிடுவது என் வழக்கம். கடிபட்டு எழும் பிசிறு கப்பியை இறுக்காது, பிறகு கழற்றும்போது தண்டு தப்பும். அந்தத் தட்டையும் படத்தில் வரவேண்டும். எம் 6 × 10 என்றால் 10 மில்லிமீற்றர் என்பது நுனியோடு சேர்ந்த முழு நீளம். அதற்கு 3 மில்லிமீற்றர் அலன் கீ, எம் 8 ஆணிக்கு 4. ஆணியின் குறியீட்டில் கடைசியில் வரும் 45எச் கடினத்தைச் சொல்கிறது. ஆகக் குறைந்தது 450 விக்கர்ஸ்.

இந்தக் கடினத்தின் அருமையை எங்களுக்குக் காட்டியவை தொண்ணூறுகள். 1990இல் போரால் மின்சாரம் போனது. பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருளே அரிதான நாளில் கடினப்படுத்திய ஆணிக்கு எங்கே போவது? போல்ற்றின் தலையை வெட்டி, வாளால் பிளவு போட்டு, நுனியை அரத்தால் கூராக்கி இறைப்பு மெசின்களை ஓடவைத்தார்கள். மெல்லிரும்பு நுனி தண்டைக் கடிக்காமல் தானே நசுங்கும். திரும்பத் திரும்ப இறுக்கவேண்டும். அந்தக் கைகள் செய்த வேலையை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன். அந்த மெசின்களுள் சில இன்றும் எங்களிடம் வருகின்றன. கால் அங்குல விற்வேர்த் புரிக்குள் எம் 6 ஆணியைத் திணித்திருப்பதும் உண்டு. ஒன்று 6.35 மில்லிமீற்றர், அங்குலத்துக்கு 20 புரி, கோணம் 55 பாகை. மற்றது 6 மில்லிமீற்றர், இடைவெளி 1 மில்லிமீற்றர், 60 பாகை. ஆணி தளதளவென்று ஆடும். பழைய பிரித்தானிய மெசினும் பின்னால் வந்த மெற்றிக் மெசினும் ஒரே வளவில் ஓடும் குடாநாட்டில், புரி எதுவென்று எழுதாத படத்தை நம்பி நான் ஆணி வாங்கமாட்டேன்.

தொழில்நுட்பக் கல்லூரியிலும் பாடசாலைத் தொழினுட்பப் பிரிவிலும் வரைதல் படிக்கிற தம்பி தங்கைகளிடம் கேட்பது இதுதான். கப்பி ஒன்றை வரைந்தால் கிறப் ஸ்குறூ இருக்கும் இடத்தில் குடத்தைப் பிய்த்துக் காட்டுங்கள். நுனியின் வகை, புரி, நீளம் மூன்றையும் எழுதுங்கள். மேலே மூடி வருகிறதென்றால் அலன் கீ நுழைய ஒரு துவாரத்தையும் வரைந்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் ஆணியை இறுக்க வருகிறவர் மூடியையே கழற்றி எறிந்துவிடுவார்.