கிட்டங்கியில் ஒரு மகிழுந்து

பழம்பொருள் ஒன்று கைக்கு வந்தவுடன் அதனைத் துடைத்துத் துலக்கிப் பார்க்க விழைவது மாந்தர் இயல்பு. சுவடிகளோடு பழகியோர் அவ்விழைவை அடக்கக் கற்றவர்கள். ஏட்டில் படிந்த புகைக்கறையும், ஓரத்தில் எவரோ கீறி வைத்த கடன்கணக்கும்கூட அவ்வேடு எவர் இல்லத்தில் இருந்தது என்பதற்குச் சான்றாகிவிடும். 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்த டாக்டர் உ. வே. சாமிநாதையர், தமக்குக் கிடைத்த பாடவேறுபாடுகளை மறைத்துவிடாமல் அடிக்குறிப்பில் காட்டிச் சென்றார். ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காக நான் பயின்ற இந்நெறி, 2022-ஆம் ஆண்டில் ஒரு பழைய காரை விலை பேசும் வேளையில் துணைக்கு வரும் என்று என் நெறியாளர் கனவிலும் கருதியிருக்கமாட்டார்.

என் மைத்துனர் இரும்புக்கடை நடத்துபவர். பழைய ஊர்திகளின்மேல் தணியாத வேட்கை உடையவர். கடற்கரையூர் ஒன்றில், காலஞ்சென்ற நெல் வணிகர் ஒருவரின் கிட்டங்கியில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அசையாமல் கிடப்பதாகத் தரகர் ஒருவர் வாயிலாக அறிந்தார். "மச்சான், பழைய எழுத்தெல்லாம் படிக்கிறவங்க நீங்க. ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்கணும், கூட வாங்க" என்று என்னையும் அழைத்துச் சென்றார்.

இளைய தலைமுறையினர் அறியாத கார் இது. இங்கிலாந்தில் 1959-இல் 'டிரையம்ப் ஹெரால்டு' என்னும் பெயரில் வெளிவந்தது. இத்தாலியராகிய மிக்கேலாட்டி என்பார் அதன் வடிவத்தை வரைந்தார். சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் இயங்கிவந்த ஸ்டாண்டர்டு தொழிற்சாலை 1961 முதல் அதனை இங்கே செய்தளித்தது. 1971 வரை செய்தது. இயந்திரக் கொள்ளளவு 948 கன சென்டிமீட்டர். முன்மூடி மட்டுமன்றி இரு பக்க மட்கார்டுகளும் சேர்ந்து முன்னோக்கிக் கவிழும் அழகைக் காணச் சிறுவர்கள் கூடுவார்களாம். தனியான அடிச்சட்டத்தின்மீது உடற்பகுதிகளைத் தனித்தனியே திருகாணியால் முடுக்கியிருப்பார்கள். பழுது பார்க்க இது வசதி. இனம் காண்பதற்கோ இதுவே இடர். ஒரு வண்டியின் முன்பாகத்தையும் மற்றொன்றின் பின்பாகத்தையும் இணைத்து ஒன்றாக்கிவிடலாம். இடைச்செருகல் இலக்கியத்திற்கு மட்டும் உரியதன்று.

கிட்டங்கியின் மூலையில், சாக்குக் கட்டுகளுக்குப் பின்னால் அது நின்றது. நான்கு சக்கரங்களும் காற்றிழந்து தரையோடு ஒட்டியிருந்தன. பின்னிருக்கையில் எலிகள் குடியிருந்த பஞ்சு, மேலெங்கும் உமித்தூசி. "1961-ல வந்த முதல் வரிசை வண்டி. இந்த மாதிரி இன்னொண்ணு கிடைக்காது" என்று மூன்று இலட்சம் கேட்டார் தரகர். உடனிருந்த மூத்த மகனும், தம் பெற்றோர் திருமணத்தின்போது வாங்கிய கார் அதுவே என்று உறுதியாகக் கூறினார். மைத்துனரின் கை சட்டைப்பைக்குப் போவதைக் கண்டேன்.

தூசியைத் தட்டாமலே வண்டியைச் சுற்றி வந்தேன். கதவுகள் நான்கு இருந்தன. தொடக்கத்தில் வந்த ஹெரால்டுகளுக்குக் கதவு இரண்டே. நான்கு கதவு அமைப்பு இந்தியாவுக்கென்றே செய்யப்பட்டு, 1960-களின் பிற்பகுதியில் வந்தது. தாயகமாகிய இங்கிலாந்திலும் அது இல்லை. ஆயினும் ஒரு சான்றைக் கொண்டு முடிவு கூறலாகாது. கதவுள்ள உடலைப் பிற்காலத்தில் மாற்றியிருக்கவும் கூடுமன்றோ? எனவே எண்களைத் தேடினோம். இயந்திர அறையில் பொருத்தியிருந்த தகடு, அடிச்சட்டத்தில் பொறித்த எண், இயந்திரத்தில் பொறித்த எண், பதிவுப் புத்தகம் ஆகிய நான்கும் ஒத்துச் சொல்ல வேண்டும். தகட்டைத் திருப்புளி கொண்டு எவரும் கழற்றி மாட்டலாம். இரும்பில் பொறித்ததை மாற்றுவது அரிது. துருப்பிடித்த இடத்தில் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எண்ணைப் படியெடுத்தோம். கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதன் தம்பி முறை என்று அதனைச் சொல்லலாம். பதிவுப் புத்தகத்தை எழுதிய எழுத்தரின் கையில் 1-உம் 7-உம் ஒரே உருவாக இருந்தன. புள்ளியிடாத ஏட்டில் எகர ஏகாரம் பிரித்தறிந்து பழகிய கண்ணுக்கு இது பெரிய சிக்கலன்று; அதே கை எழுதிய தேதியை ஒப்பிட்டதும் தெளிவாயிற்று. எண்கள் யாவும் ஒத்தன. செய்த ஆண்டு 1969.

தரகர் ஒப்பவில்லை, புத்தகத்தைப் பின்னாளில் மாற்றியிருப்பார்கள் என்றார். மகனும் தந்தையார் வாய்மொழியையே எடுத்துரைத்தார். அப்போது திண்ணையோரம் நாற்காலியில் அமர்ந்திருந்த வணிகரின் மனைவியார், எண்பதைக் கடந்தவர், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பேசினார்:

"தம்பி, நிக்காஹ் நேரத்து வண்டி இது இல்லே. அது ரெண்டு கதவு. முன் சீட்டை மடக்கிட்டுத்தான் பின்னால ஏறணும். எங்க மாமியால குனிஞ்சு ஏற முடியலே. அதைக் குடுத்துட்டு நாலு கதவு வண்டி வாங்கினாங்க. எம் மூத்த மக அப்ப கைப்புள்ளே."

மகன் முகம் சுருங்கிற்று. தம் குடும்பத்துக்கு வரவிருந்த தொகையை அம்மையார் தம் வாயாலேயே குறைத்துவிட்டார். விற்கும் பொருளின் உண்மையை மறைக்கலாகாது என்னும் இஸ்லாமிய வணிக நெறியை நூலில் படித்திருக்கிறேன். அது தன்னியல்பாக ஒருவர் நாவில் எழக் கண்டது அன்றுதான். இரண்டு இலட்சத்தில் விலை முடிந்தது. என் கணக்கில் அதுவும் சற்று மிகையே. மைத்துனர் அதற்குமேல் பேரம் பேச மறுத்துவிட்டார்.

பின் சன்னல்களுக்கு மேலே வரிசையாகச் சிறு துளைகள் இருந்தன. "யாரோ கண்ட இடத்துல ஆணி அடிச்சிருக்காங்க" என்று மைத்துனர் வருந்தினார். அம்மையாரைக் கேட்டோம். பெண்கள் அமரும்போது திரை தொங்கவிடுவதற்குக் கம்பி ஓட்டிய துளைகளாம் அவை! எந்தத் தொழிற்சாலைத் தகடும் சொல்லாத ஒரு வரலாறு அத்துளைகளில் இருந்தது. எவருடைய வசதிக்காக நான்கு கதவு வண்டி வாங்கப்பட்டதோ, அவர் அமர்ந்து சென்ற இடம் அது.

அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டு நினைவுகூரலாம். 1968-இல் வெளிவந்த 'புல்லிட்' திரைப்படத்தில் ஸ்டீவ் மெக்குவின் ஓட்டிய மஸ்டாங் கார், 1974-இல் 6,000 டாலருக்குக் கைமாறி, ஒரு குடும்பத்தாரிடம் பல்லாண்டு முடங்கிக் கிடந்தது. 2020 ஜனவரியில் கட்டணம் உட்பட 37.4 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. பெயின்ட் உரிந்தது உரிந்தபடியே இருந்தது. அடிச்சட்ட எண்ணோடு, படப்பிடிப்புக் கருவியைப் பொருத்துவதற்காக அடியில் பற்றவைத்த இரும்புக் குழாய்களும் அதனை அடையாளம் காட்டின. அழகுபடுத்தும் ஆவலில் ஒருவர் அவற்றை அறுத்தெறிந்திருந்தால் சான்று அழிந்திருக்கும்.

எஞ்சியது அலுவலக வேலை. இறந்தவர் பெயரிலிருந்த பதிவை வாரிசு பெயருக்கு மாற்றிய பின்னரே விற்பனை செல்லும். மகன்கள், மகள்கள் அனைவரும் ஒப்பம் இட்டனர். தொகையில் எட்டில் ஒரு பங்கு முதலில் அம்மையாருக்குச் சேர்ந்தது. 2021-இல் வந்த நடுவணரசு விதியின்படி, ஐம்பது ஆண்டு கடந்து, அடிச்சட்டமும் உடலும் இயந்திரமும் பெரிதும் மாற்றப்படாத வண்டியே 'வின்டேஜ்' என்று பதிவு பெறும், எண்ணில் 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் வரும், நாள்தோறும் ஓட்டலாகாது. இவ்விதியும் திருத்தாமையின் பக்கமே நிற்பது எனக்கு மகிழ்ச்சி.

வண்டியை இழுத்துச் செல்லாமல் லாரியில் ஏற்றினோம். இறுகிக் கிடந்த இயந்திரத்தை உடனே முடுக்கிப் பார்க்க வேண்டாம் என்று மெக்கானிக் தடுத்தார். பிளக்குகளைக் கழற்றி, உள்ளே எண்ணெய் விட்டுச் சில நாள் ஊறவைத்துக் கையால் சுழற்றிய பின்னரே அது அசைந்தது. டிங்கர் வந்து, "மேல இருக்கிற ஓட்டையெல்லாம் பட்டி வச்சு அடைச்சிரலாமா பாய்?" என்று வினவினார். மைத்துனர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "அதைத் தொடாதீங்க" என்றார். வலப்பக்கத் துளை ஒன்றில் பித்தளைக் கொக்கி இன்னும் இருக்கிறது. பிரேக் வேலை மட்டும் மீதம்.